ஜோன் ஹிக்ஸன்: மிஸ் மார்பிளுக்கு முந்தைய ஐம்பது வருடப் படங்களை எங்கிருந்து தொடங்குவது?

பழையபிரிண்ட்:
பிரிட்டிஷ் நடிகை ஜோன் ஹிக்ஸன் என்றாலே பி.பி.சி. தொடரில் அவர் நடித்த மிஸ் மார்பிள்தான், அகதா கிறிஸ்டி கதைகளில் வரும் அந்தத் துப்பறியும் மூதாட்டிதான் பேச்சு. அந்தத் தொடர் தொடங்கியது 1984 டிசம்பரில். அப்போது அவருக்கு வயது 78. முதல் படம் 1934-ல் வந்துவிட்டது. இடையில் இருக்கும் அரை நூற்றாண்டில் வேலைக்காரி, அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரம்மா, நர்ஸ், கதாநாயகனின் அம்மா என்று ஒரு நீளப் பட்டியல் கிடக்கிறது. பாதிப் படங்களில் இரண்டு மூன்று நிமிடம்தான் திரையில் இருக்கிறார்.

மொத்தத்தையும் வரிசையாகப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. எதை எடுக்கலாம், எதை விடலாம்? இந்தத் துண்டு வேடங்களுக்கும் பின்னால் வந்த மார்பிளுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது புகழ் வந்த பிறகு நாம் தேடிக் கண்டுபிடிக்கும் தொடர்பா?

டூரிங்டாக்கீஸ்:
வருட வரிசையில் போகாதீர்கள். முப்பதுகளில் தொடங்குகிறவர்கள் நாலு படத்தோடு கைவிட்டுவிடுவார்கள். 1950-ல் வந்த 'செவன் டேஸ் டு நூன்' படத்தில் தொடங்குங்கள். பிரிட்டிஷ் இயக்குநர்களான போல்டிங் சகோதரர்களின் படம். அணு ஆயுத ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் வில்லிங்டன் ஒரு குண்டைப் பையில் போட்டுக்கொண்டு லண்டனில் தலைமறைவாகி, ஏழு நாளில் அரசு பணியாவிட்டால் வெடிக்க வைப்பேன் என்கிறார். மூலக்கதைக்கு ஆஸ்கர் வாங்கிய படம். தலைமறைவானவர் முதலில் வந்து தங்குவது திருமதி பெக்கெட் என்ற வீட்டுக்காரம்மாவிடம். அதுதான் ஹிக்ஸன்.

கவனிக்க வேண்டியது அவர் சந்தேகப்படும் விதம். அந்தம்மாவுக்கு அணுகுண்டைப் பற்றி எதுவும் தெரியாது. மாடியில் இருக்கும் ஆள் ராத்திரி முழுக்க அங்குமிங்கும் நடக்கிறான், அவ்வளவுதான் தெரியும். வீட்டுக்காரம்மாக்களைக் கொல்லும் ஒருவனைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, இவன்தான் அவன் என்று முடிவுகட்டிப் போலீசுக்குப் போகிறார். கணக்கு தப்பு, விடை மட்டும் சரி. பூனைகளும் சிகரெட்டுமாக, கொஞ்சம் அழுக்கான, கொஞ்சம் பேராசையான பெண்மணி. அனுதாபம் கேட்டு எந்த இடத்திலும் நடிக்கவில்லை. அதனால்தான் அந்தப் பாத்திரம் நிற்கிறது.

அடுத்து மற்ற வீட்டுக்காரம்மாக்கள். 1954-ன் 'டாக்டர் இன் தி ஹவுஸ்' படத்தில் திருமதி க்ரோக்கர்: மருத்துவ மாணவனாக வரும் டர்க் போகார்ட் முதலில் குடியேறும் வீடு, மகளாக ஷர்லி ஈட்டன். 1956-ன் 'தி மேன் ஹூ நெவர் வாஸ்' படத்தில் பெயர்கூட இல்லை, வெறும் வீட்டுக்காரம்மா. 'தி கார்ட்' (1952) படத்தின் திருமதி காட்லின் சற்று வேறு வகை, பல வீடுகள் வைத்திருக்கும் விதவை. அவருடைய வாடகையை வசூல் செய்து கொடுப்பதில்தான் அலெக் கின்னஸ் பாத்திரத்தின் பிழைப்பே தொடங்குகிறது. நான்கையும் ஒரே வாரத்தில் பாருங்கள். நான்கு பெண்களும் கதவைத் திறக்கும் விதமே வேறு வேறாக இருக்கும்.

'தி கினி பிக்' (1948) படத்தை மறந்துவிடாதீர்கள். உயர்குடிப் பள்ளியில் சேர்க்கப்படும் புகையிலைக் கடைக்காரர் மகனாக ரிச்சர்ட் அட்டன்பரோ. அவருடைய அம்மா ஹிக்ஸன். இருவருக்கும் நிஜத்தில் பதினேழு வயதுதான் இடைவெளி. நாற்பதைத் தாண்டியதும் அம்மா வேடம். அதற்குப் பிறகு அவருக்கு இளம்பெண் வேடம் என்ற பேச்சே இல்லை. அந்தப் படமும் போல்டிங் சகோதரர்களுடையதுதான். இரண்டு வருடம் கழித்து மறுபடி அழைத்திருக்கிறார்கள்.

கோட்டா1927:
முப்பதுகளை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். ஒரு நடிகைக்கு எதற்காக இத்தனை சின்னப் படங்கள் என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

1927-ல் பிரிட்டனில் சினிமாச் சட்டம் ஒன்று வந்தது. விநியோகஸ்தர்களும் தியேட்டர்காரர்களும் குறிப்பிட்ட சதவீதம் உள்நாட்டுப் படங்களை எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். விநியோகஸ்தர்களுக்கு ஏழரை சதவீதத்தில் தொடங்கி முப்பதுகளின் நடுவில் இருபது வரை ஏறியது. ஹாலிவுட் கம்பெனிகளின் லண்டன் கிளைகள் என்ன செய்தன? கணக்குக் காட்டுவதற்காக மலிவாகப் படம் எடுக்கச் சொல்லிக் கான்ட்ராக்ட் கொடுத்தன. ஓர் அடிக்கு ஒரு பவுண்டு என்பதுதான் அன்றைய விலைப்பேச்சு. ஒரு மணி நேரப் படம் என்றால் ஏறத்தாழ 5,400 அடி, அதாவது 5,400 பவுண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். படப்பிடிப்பு இரண்டு வாரம் போனால் அதிகம். ஒத்திகைக்கு நேரமில்லை. வசனத்தைப் பாடம் பண்ணிக்கொண்டு வந்து, முதல் டேக்கிலேயே தடங்கல் இல்லாமல் முடித்துக்கொடுக்கும் நாடக நடிகர்கள்தான் தேவைப்பட்டார்கள். ராடா என்ற லண்டன் நாடகக் கல்லூரியில் பயின்று 1927 முதல் மேடையில் இருந்த ஹிக்ஸன் போன்றவர்கள் அந்த வேலைக்கு வாகாக இருந்தார்கள்.

இன்னொரு வசதி, ஸ்டுடியோக்கள் எல்லாம் லண்டனைச் சுற்றியே இருந்தன: எல்ஸ்ட்ரீ, ஈலிங், டென்ஹம், ஷெப்பர்டன், பைன்வுட். பகலில் படப்பிடிப்பு, இரவில் லண்டனின் நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டில் நாடகம். நாடகத்துக்குப் பகல் காட்சியும் உள்ள நாட்களில்தான் இழுபறி. அன்றைக்கு அந்த நடிகரை ஸ்டுடியோ விட்டாக வேண்டும். அதனால் நாடகத்தில் இருக்கும் நடிகைக்கு ஒன்றிரண்டு நாளில் முடிகிற, ஒரே செட்டில் அடங்குகிற வேடம்தான் தோதுப்படும். வாசல் கதவு, சமையலறை, மாடிப்படி. வீட்டுக்காரம்மா வேடங்கள் குவிந்ததற்கு முகவெட்டு மட்டும் காரணமில்லை, கால்ஷீட்டும் காரணம்.

பழையபிரிண்ட்:
கால்ஷீட் விளக்கம் பிரமாதம். ஒரு சந்தேகம். அவருடைய முதல் படம் 'ட்ரபிள் இன் ஸ்டோர்' என்று போட்டிருக்கிறது. அந்தப் பெயரில் கிடைத்த படத்தில் நார்மன் விஸ்டமும் மார்கரெட் ரூதர்ஃபோர்டும் இருக்கிறார்கள், இவரைக் காணோம்.

கோட்டா1927:
அது 1953 படம் சார். ஹிக்ஸன் இருப்பது 1934-ல் வந்த வேறு படத்தில். பெயர் மட்டும் ஒன்று. இவர் விஷயத்தில் இந்தப் பெயர்க் குழப்பம் அடிக்கடி வரும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

'லவ் ஃப்ரம் எ ஸ்ட்ரேஞ்சர்' இரண்டு உண்டு. 1937-ல் ஆன் ஹார்டிங்கும் பேசில் ராத்போனும் நடித்ததில்தான் ஹிக்ஸன் வேலைக்காரப் பெண்ணாக வருகிறார். 1947-ல் வந்தது ஹாலிவுட் மறுதயாரிப்பு. 'தி விக்கெட் லேடி' என்றால் 1945 அல்ல, 1983. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்றால் டேவிட் லீனின் 1946 படம் அல்ல, பி.பி.சி.யின் 1981 தொடர். அதில் மிஸ் ஹாவிஷாம் இவர்தான். தேடும்போது எப்போதும் வருடத்தைச் சேர்த்தே தேடுங்கள். 'ஜோன்' என்ற பெயரிலும் வழுக்க இடமுண்டு. 'கேரி ஆன்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் பட வரிசையில் ஜோன் சிம்ஸ் என்ற நடிகையும் இருப்பதால், துணுக்கு வீடியோக்களின் தலைப்பில் இருவரையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

ரீல்மாற்றி:
'செவன் டேஸ் டு நூன்' 94 நிமிஷம்னு எல்லா இடத்திலும் இருக்கு. என்கிட்ட இருக்கிற டிவிடி 90 நிமிஷம்தான் ஓடுது. நாலு நிமிஷம் வெட்டிட்டாங்களா? பெக்கெட் சீன் போயிருக்குமோ?

டூரிங்டாக்கீஸ்:
வெட்டு இல்லை. படம் எடுத்தது நொடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பிய பால் (PAL) முறை டிவிடி நொடிக்கு 25 ஃபிரேம் ஓட்டும். 94-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 90.24 வரும். நாலு சதவீதம் வேகம் கூடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இதில் வேறு நஷ்டம் இருக்கிறது. குரலும் ஓர் அரைச்சுருதியில் (செமிடோன்) சுமார் முக்கால் பங்கு ஏறிவிடும். குரலை வைத்தே பிழைக்கும் குணச்சித்திர நடிகைக்கு இது பெரிய கெடுதல். கீச்சென்று ஒலிக்கிறது, நகைச்சுவை தூக்கலாகத் தெரிகிறது. ப்ளூரேயில் 24 ஃபிரேம் அப்படியே ஓடுவதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. டிவிடிதான் கதி என்றால், பிளேயரில் வேகத்தை 0.96 ஆக வையுங்கள். சுருதியைப் பழையபடியே காக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வேகம் குறையும், குரல் இறங்காது.

இன்னொன்று, ஐம்பதுகளின் தொடக்கம் வரையிலான படங்களுக்கு டிவியில் அகல-உயர விகிதத்தை 4:3 என்று வைத்துப் பாருங்கள். அகலமாக இழுத்துப் பார்த்தால் முகம் பருத்துத் தெரியும். ஹிக்ஸனுடைய முகம் ஒடுங்கிய முகம். ஓரத்தில் நிற்கும் துணை நடிகையை இழுத்த படத்தில் அடையாளம் காண்பதே சிரமம்.

மேடமார்க்காட்டி:
மார்பிள் பேச்சு என்றால் மார்கரெட் ரூதர்ஃபோர்டை விட்டுவிட்டுப் பேச முடியுமா? 1961-ன் 'மர்டர் ஷீ செட்' படத்தில் மார்பிள் அவர்தான். அதே படத்தில் வீட்டு வேலைக்கு வரும் திருமதி கிட்டராக ஹிக்ஸன் இருக்கிறார்! இரண்டு மார்பிள்கள் ஒரே படத்தில். என்னைக் கேட்டால் திரையை நிறைக்கிறவர் ரூதர்ஃபோர்டுதான். தாடை ஒருபக்கம், சால்வை ஒருபக்கம், சொந்த உடைகளையே போட்டுக்கொண்டு வந்து நடித்தவர். 1963-ல் 'தி வி.ஐ.பி.ஸ்' படத்துக்கு ஆஸ்கர்.

நம் ஊர்த் தொடர்பு ஒன்றும் உண்டு. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோர் சென்னைக்கு வந்தார்கள். அவருடைய அம்மா இங்கேயே தற்கொலை செய்துகொண்டார். மூன்று வயதில் குழந்தை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, விம்பிள்டனில் அம்மாவின் சகோதரியிடம் வளர்ந்தது. தந்தை ஏற்கெனவே 1883-ல் தன் தகப்பனையே கொன்று பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் இருந்துவிட்டு வந்தவர். இவ்வளவையும் சுமந்தவர், கொலைக் கதையில் நடிப்பதா என்று முதலில் தயங்கியதில் ஆச்சரியம் இல்லை.

செயின்ட்மேரிமீட்:
ரூதர்ஃபோர்ட் பெரிய நடிகை, மறுப்பில்லை. ஆனால் அது அகதா கிறிஸ்டியின் மார்பிள் இல்லை. 'மர்டர் ஷீ செட்' எடுக்கப்பட்ட '4.50 ஃப்ரம் பாடிங்டன்' நாவலில் ரயிலிலிருந்து கொலையைப் பார்ப்பவர் திருமதி மெக்கில்லிகடி. அந்த மாளிகைக்குள் வேலைக்காரியாகப் போய்ப் பிணத்தைத் தேடுபவர் லூசி ஐல்ஸ்பாரோ. மார்பிள் வெளியே உட்கார்ந்து யோசிப்பவர். படத்தில் மூன்று பேரையும் ஒன்றாக்கி ரூதர்ஃபோர்டிடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்து வந்த மூன்றில் 'மர்டர் அட் தி கேலப்', 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்' இரண்டும் கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான பொய்ரோவின் நாவல்களிலிருந்து எடுத்தவை. 'மர்டர் அஹாய்' கதையை கிறிஸ்டி எழுதவேயில்லை. கிறிஸ்டிக்குப் படங்கள் பிடிக்கவில்லை. ஆனாலும் நடிகையின் மேல் மதிப்பு இருந்தது, 1962-ன் 'தி மிரர் கிராக்ட்' நாவலை ரூதர்ஃபோர்டுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார்.

ஹிக்ஸன் பக்கம் வாருங்கள். கிறிஸ்டியின் 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்' 1945-ல் லண்டன் மேடையேறியபோது ஹிக்ஸன் அதில் மிஸ் பிரைஸாக நடித்தார். அதைப் பார்த்த கிறிஸ்டி, என்றாவது ஒருநாள் நீங்கள் என் மார்பிளாக நடிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அப்போது ஹிக்ஸனுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. பி.பி.சி. அழைத்தபோது கிறிஸ்டி இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

1987-ல் ஹிக்ஸனே '4.50' கதையில் மார்பிளாக நடித்தார். 1961 படத்தையும் இதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ரூதர்ஃபோர்ட் ஓர் அறைக்குள் வந்தால் அறையே திரும்பிப் பார்க்கும். ஹிக்ஸன் வந்தால் யாரும் பேச்சை நிறுத்த மாட்டார்கள். துப்பறிகிறவளுக்கு எது உதவும் என்று யோசியுங்கள்.

மேடமார்க்காட்டி:
துப்பறிய உதவுவது வேறு, பார்க்க உதவுவது வேறு :) நான் ரூதர்ஃபோர்டோடு நிற்கிறேன்.

லிட்டில்டன்வரிசை:
இழை முழுக்க சினிமாவிலேயே சுற்றுகிறது. வீட்டுக்காரம்மா வேடங்களில் கவனிக்கப் பழகித்தான் மார்பிள் ஆனார் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு ஒப்பவில்லை. திரையில் இரண்டு நிமிடம் வருகிறவருக்கு இரண்டு மணி நேரக் கதையைத் தாங்கும் பலம் அங்கிருந்து வராது. மேடைதான் அதைக் கொடுத்தது.

1967-ல் பீட்டர் நிக்கல்ஸ் எழுதிய 'எ டே இன் தி டெத் ஆஃப் ஜோ எக்'. மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோர், எதையும் நையாண்டி செய்தே நாளைக் கடத்துகிறார்கள். ஹிக்ஸன் அந்தக் கணவனின் அம்மா கிரேஸ். இரண்டாம் பாதியில்தான் உள்ளே வருகிறார். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்குள், எதுவும் புரியாதவர்போல, அன்பு என்ற பெயரில் எல்லோர் கழுத்தையும் நெரிக்கும் ஒரு சராசரி அம்மா. கொஞ்சம் கோமாளியாக்கினாலும் நாடகம் படுத்துவிடும். 1972-ல் ஆலன் பேட்ஸ், ஜேனட் சுஸ்மன் நடித்த படத்திலும் கிரேஸ் ஹிக்ஸன்தான். அது பார்க்கக் கிடைக்கிறது.

பிறகு ஆலன் அயக்போர்னின் 'பெட்ரூம் ஃபார்ஸ்'. நேஷனல் தியேட்டர், 1977. மேடையில் மூன்று படுக்கையறைகள் பக்கம் பக்கமாக, ஒரே நேரத்தில். வெளிச்சம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். டீலியா என்ற வயதான மனைவியாக ஹிக்ஸன், கணவர் எர்னஸ்டாக மைக்கேல் காஃப். கட்டிலில் உட்கார்ந்து டோஸ்ட்டில் மீன் வைத்துச் சாப்பிடும் தம்பதி. இந்த மாதிரி அமைப்பில் என்ன சிக்கல் என்றால், வெளிச்சம் பக்கத்து அறையில் இருக்கும்போது நீங்கள் துளி அசைந்தாலும் பார்வையாளர் கண் இங்கே வந்துவிடும், அங்கே விழ வேண்டிய சிரிப்பு போய்விடும். வெளிச்சம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து அதே சூட்டில் தொடர வேண்டும். நாடகம் நியூயார்க்கின் பிராட்வே போனபோது 1979-ல் இருவருக்கும் டோனி என்ற அமெரிக்க நாடக விருது. மார்பிளில் அசையாமல் உட்கார்ந்திருப்பது எங்கிருந்து வந்தது என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

டூரிங்டாக்கீஸ்:
அசையாமல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேடையில் உள்ள அசைவின்மை கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டியது. மார்பிள் குளோஸ்-அப்பில் கண்ணால் மட்டும் செய்கிறாரே, அது கேமரா முன்னால் ஐம்பது வருடம் நின்றதால் வந்தது. 'செவன் டேஸ்' படத்தில் மாடிச் சத்தத்தைக் கேட்கும் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

லிட்டில்டன்வரிசை:
பார்த்திருக்கிறேன். அது நல்ல ஒரு கணம், அவ்வளவுதான். ஒரு கணம் போதும் என்பது உங்கள் கட்சி, போதாது என்பது என் கட்சி.

ரீல்மாற்றி:
சண்டை இருக்கட்டும். மார்பிள் பன்னிரண்டு கதையையும் எந்த வரிசையில பாக்கிறது? வந்த வரிசையிலயே போகலாமா?

செயின்ட்மேரிமீட்:
கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள், ஒரு இடத்தில் உதைக்கும்.

முதலில் வந்தது 'தி பாடி இன் தி லைப்ரரி', 1984 டிசம்பர் 26 முதல் மூன்று பகுதி. அதில் தொடங்குவது சரி. இன்ஸ்பெக்டர் ஸ்லாக்காக டேவிட் ஹோரோவிச் அறிமுகமாகிறார். மார்பிளை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பின்னால் வரும் பல கதைகளுக்கு அந்தக் கடுகடுப்பு வேண்டும். முதல் நாவலான 'தி மர்டர் அட் தி விகரேஜ்' 1986 கிறிஸ்துமஸுக்குத்தான் வந்தது. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

உதைக்கும் இடம் இது: 'எ கரீபியன் மிஸ்டரி' கதையில்தான் மார்பிள், ரஃபியல் என்ற பணக்காரரைச் சந்திக்கிறார். 'நெமெசிஸ்' கதையில் அதே ரஃபியல் இறந்துபோய், ஒரு வேலையை மார்பிளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். பி.பி.சி. 'நெமெசிஸ்' கதையை 1987 பிப்ரவரியிலும், பார்படோஸில் எடுத்த 'கரீபியன்' கதையை 1989 கிறிஸ்துமஸிலும் ஒளிபரப்பியது. செத்தவர் கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து உயிரோடு வருகிறார், அதுவும் வேறு நடிகராக. 'கரீபியன்' படத்தில் டொனால்ட் ப்ளெசன்ஸ். அதை முதலில் பார்த்துவிட்டு 'நெமெசிஸ்' பக்கம் போங்கள்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்'. ஹிக்ஸன் என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்கு 'அட் பெர்ட்ராம்ஸ் ஹோட்டல்'. கதையில் பாதி, ஹோட்டல் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதுதான். 'தி மூவிங் ஃபிங்கர்' நாவலில் மார்பிள் கடைசியில்தான் எட்டிப் பார்ப்பார் என்பதால் அது அவருக்கான கதையே அல்ல, பின்னால் வைத்துக்கொள்ளலாம். கடைசியாக வந்த 'தி மிரர் கிராக்ட்' 1992 டிசம்பர் 27. அப்போது அவருக்கு 86. நடையில் வயது தெரிகிறது, கண்ணில் தெரியவில்லை.

மேடமார்க்காட்டி:
'கேரி ஆன்' படங்களை யாரும் தொடவில்லையே. ஐந்தில் இருக்கிறார்: நர்ஸ் (1959), கான்ஸ்டபிள் (1960), ரிகார்ட்லெஸ் (1961), லவ்விங் (1970), கேர்ள்ஸ் (1973).

டூரிங்டாக்கீஸ்:
முதல் மூன்று போதும். 'கேரி ஆன் நர்ஸ்' பிரிட்டனில் அந்த வருடத்தின் பெரிய வசூல் படம். ஹேட்டி ஜாக்ஸ் மேட்ரன் (தலைமை நர்ஸ்), ஹிக்ஸன் வார்டு சிஸ்டர். எல்லோரும் கோமாளித்தனம் செய்யும் வார்டில் யாராவது ஒருவர் இது நிஜமான ஆஸ்பத்திரி என்று நம்பி நடித்தால்தான் மற்றவர்களின் கூத்து எடுபடும். அந்த வேலை இவருக்கு. 'கான்ஸ்டபிள்' படத்தில் நேர்மாறு, போதையில் ஸ்டேஷனுக்கு வரும் மேல்தட்டுப் பெண்மணி. எழுபதுகளின் இரண்டும் ஆர்வக்கோளாறு உள்ளவர்களுக்கு.

பழையபிரிண்ட்:
பட்டியல் தயார்: 'செவன் டேஸ்', 'கினி பிக்', வீட்டுக்காரம்மாக்கள், 'கேரி ஆன் நர்ஸ்', 'மர்டர் ஷீ செட்', 'ஜோ எக்', பிறகு மார்பிள். விட்டுப்போனது ஏதாவது உண்டா?

லிட்டில்டன்வரிசை:
'க்ளாக்வைஸ்', 1986. மைக்கேல் ஃப்ரெய்ன் எழுதியது, ஜான் க்ளீஸ் தலைமையாசிரியர். மார்பிள் படப்பிடிப்புகளுக்கு நடுவே வந்த படம். அதில் ஹிக்ஸன் திருமதி ட்ரெல்லிஸ், காரில் ஏற்றிக்கொண்டு போகும் நினைவு தப்பிய பாட்டி. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பேசிக்கொண்டே வருவார். 'மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்' முடித்த கையோடு போடுங்கள்.

ரீல்மாற்றி:
அதுக்கும் 0.96 தானா?

டூரிங்டாக்கீஸ்:
பால் டிவிடி என்றால் அதேதான். மார்பிளுக்கு மட்டும் எதையும் மாற்றாதீர்கள், பிரிட்டிஷ் டிவிக்கென்று 25 ஃபிரேமிலேயே எடுத்தது.